ரெசின் டிராகனுக்கு வண்ணம் தீட்டியது: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு ஓர் அனுபவப் பகிர்வு

ஆள் உயரம் 28 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்படும் சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டிப் பழகிய எவரும், அதே வரிசையில் வரும் ஒரு பெரிய டிராகனைப் பார்த்ததும் ஆசையோடு வாங்கி, பெட்டியைத் திறந்து பார்த்து, அப்படியே மூடிப் பரணில் வைத்துவிடுவது வழக்கம். நான் வாங்கியது, அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசினான ரெசினில் பல துண்டுகளாக வார்க்கப்பட்ட டிராகன். இரு இறக்கைகளையும் விரித்து வைத்தால் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் உள்ள என் வீட்டில் ஓராண்டுக்கும் மேலாக அதன்மீது வேலை செய்தேன். முடித்து வைத்த பிறகு அது இரண்டு மழைக்காலங்களைக் கடந்துவிட்டது. வாங்கிய வாரத்தில் எழுதும் மதிப்புரை பெட்டியைப் பற்றித்தான் சொல்லும் என்பதால், இத்தனை காலம் காத்திருந்து எழுதுகிறேன்.

பெரிய உருவம் அச்சுறுத்துவதற்குக் காரணம் வேலையின் அளவு மட்டுமன்று. சிறு உருவத்தில் கைகொடுக்கும் உத்திகளில் பாதி இங்கே பலிப்பதில்லை. விரல்நுனி அளவுள்ள முகத்தில் நீர்த்த வண்ணத்தை ஒருமுறை ஓடவிட்டால், அது பள்ளங்களில் தங்கித் தானே நிழலாகிவிடும். உள்ளங்கையைவிடப் பெரிய இறக்கைச் சவ்வில் அதே வண்ணம் தங்குவதற்குப் பள்ளம் இல்லை. அது காயும் இடமெல்லாம் கறையாகும். ஆகவே உருவம் பெரிதாகப் பெரிதாக, நிழலையும் வெளிச்சத்தையும் உருவமே தந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது, அவற்றை நாமேதான் வரைய வேண்டும். இதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு தொடங்குபவருக்கு அச்சம் பாதி குறையும்.

முதலில் பொருத்தும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசப்பட்ட மசகு, ரெசின் துண்டுகளின்மேல் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவாவிட்டால் வண்ணம் உரிந்து வரும். வால் நுனியும் இறக்கை விரல்களும் வளைந்தே வந்திருந்தன. கொதிக்காத வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, இளகியதும் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அந்த நிலையிலேயே இறுகிவிடும். இறக்கைகளைப் பசையை மட்டும் நம்பி ஒட்டக் கூடாது. இரு பக்கமும் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகியே பொருத்த வேண்டும். அதற்கான கைத் துளைப்பானும் சிறு அரங்களும் நகைத்தொழில் கருவிகள் விற்கும் கடைகளில், பொழுதுபோக்குக் கடைகள் சொல்லும் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கின்றன.

பசை விஷயத்தில் நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஃபெவிக்விக் போன்ற பசைகள் காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகின்றன. மழைநாளில் அவை கையை எடுப்பதற்குள் பிடித்துக்கொள்வதோடு, இணைப்பைச் சுற்றி வெண்பொடி படர்ந்தது போன்ற ஒரு மூட்டத்தையும் விட்டுச்செல்லும். மேலும் அந்தப் பிடிப்பு இழுவையைத் தாங்குமே தவிர, பக்கவாட்டு அடியைத் தாங்காது. எடை சுமக்கும் இணைப்புகளுக்கு இரு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் அரால்டைட்டே சரி. கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் இருந்த இடைவெளியை எம்-சீல் கொண்டு நிரப்பி, இறுகுவதற்கு முன் ஈர விரலால் தடவி, குண்டூசியால் செதில்களைக் கீறிவிட்டேன். இன்றுவரை அங்கே விரிசல் இல்லை.

அடிப்பூச்சுதான் இந்த மாவட்டத்தில் மிகுந்த பொறுமையைக் கேட்கும் கட்டம். இரண்டு பருவமழைகளும் பெய்யும் நிலம் இது. ஜூன் மாதம் தொடங்கி டிசம்பர் வரை ஈரம் குறைவது அரிது. ஸ்பிரே டப்பாவிலிருந்து வெளிவரும் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதால் பூச்சு மங்கிப்போகும். நல்ல வெயிலில் மொட்டை மாடியில் நின்று அடித்தாலோ, துளிகள் உருவத்தைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக அமரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வலுக்கும் மாதங்களில் மாடியில் ஸ்பிரே அடிப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம். தை, மாசி மாதங்களில் காலை வெயில் ஏறிய பிறகு, வீட்டின் காற்று மறைவான பக்கத்தில் நின்று அடிப்பதே எனக்கு ஒத்துவந்தது. காத்திருக்க இயலாதவர்கள் பிரஷால் பூசும் அக்ரிலிக் பாலியூரித்தேன் பிரைமரை எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய இரண்டு பூச்சு கொடுத்து, ஒரு முழு நாளாவது ஆறவிட வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே வண்ணம் ஏற்றினால் செதில் முனைகளில் கையோடு கழன்று வரும்.

முதலில் கறுப்பு, பிறகு மேலிருந்து மட்டும் சாம்பலும் வெள்ளையும் என்று அடிப்பூச்சை ஏற்றினால், வெளிச்சம் எங்கே விழும் என்ற வரைபடம் உருவத்தின்மீதே கிடைத்துவிடுகிறது. இந்த வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சுசீந்திரம் கோயில் தூண்களில் உள்ள யாளிகள் மிகவும் உதவின. பக்கவாட்டிலிருந்து வரும் பகல் வெளிச்சத்தில், புருவ மேடு கண்ணை முழு இருளில் தள்ளிவிடுவதையும், திறந்த வாயின் மேல்தாடை கீழ்த்தாடைக்குள் நிழலை வீழ்த்துவதையும், செதுக்கு எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்குத் தொலைவிலிருந்து உருவம் தெளிவாவதையும் அங்கே நின்று பார்க்கலாம். கணினித் திரையில் பார்க்கும் செயல்முறைப் படங்கள் இதைக் கற்றுத்தருவதில்லை என்பது என் கருத்து.

வண்ணங்களில் எல்லாமே வெளிநாட்டுச் சரக்காக இருக்க வேண்டியதில்லை. தளத்துக்கும் பாறைகளுக்கும் அடிவயிற்றின் முதல் பூச்சுக்கும் நாகர்கோவில் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும் கேமல் அக்ரிலிக் டியூப் வண்ணங்கள் போதுமானவை. அவற்றின் நிறமித் துகள் சற்றுப் பெரிதாக இருப்பதாலும் குழம்பு கெட்டியாக இருப்பதாலும், நன்றாக நீர்க்கச் செய்து பல பூச்சாக ஏற்ற வேண்டும். மெல்லிய செதில் வேலைக்கும் கண்ணுக்கும் ஸ்பெயின் நாட்டு வயேஹோ போன்ற துளிக்குப்பி வண்ணங்களே கைக்கு அடங்கின. சிவப்பும் மஞ்சளும் எந்த நிறுவனத்துடையதானாலும் பெரும்பாலும் மறைக்கும் திறன் குறைந்தவை. கறுப்பின்மேல் நேரடியாக ஏற்றினால் எத்தனை பூச்சானாலும் அழுக்காகவே தெரியும். செம்பழுப்பு அடித்து, அதன்மேல் வெளிர் ரோஜா நிறம் கொடுத்து, பிறகு சிவப்பை ஏற்றியபோதுதான் உடலுக்கு உயிர் வந்தது. வெள்ளைக்கு அந்தக் குறை இல்லை, ஏனெனில் அதன் நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியை வலுவாகச் சிதறடிக்கும். அந்த நிறமிக்கு மூலமான இல்மனைட் தாது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில்தான் நிறைந்து கிடக்கிறது என்பதை வெள்ளைக் குப்பியைக் குலுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இறக்கைகளுக்கு மட்டும் வேலையின் மூன்றில் ஒரு பங்கு நேரம் போயிருக்கும். ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தருவதாகச் சொல்லப்படும் வண்ணங்கள், 2019இல் சிறு உருவங்கள் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் கான்ட்ராஸ்ட் வரிசையை வெளியிட்ட பிறகு பரவலாயின. செதில், மயிர், துணி மடிப்பு ஆகியவற்றில் இவ்வகை வண்ணங்கள் அழகாக உட்காரும். ஆனால் மேடுபள்ளமற்ற சவ்வில் திட்டுத்திட்டாக நின்றுவிடும். தேங்கிய வண்ணம் காயும்போது ஓரம் முதலில் உலர்வதால், நீர் அந்த ஓரத்தை நோக்கி ஓடி நிறமியையும் இழுத்துச்சென்று கோடாக விட்டுவிடுகிறது. இதைத் தவிர்க்க, இரண்டு இறக்கை விரல்களுக்கு இடைப்பட்ட சவ்வை ஒரு தனிப் பாத்தியாகக் கருதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். தண்ணீருக்குப் பதிலாக நிறமற்ற அக்ரிலிக் மீடியம் கலந்து வண்ணத்தை இளக்கி, எலும்பின் அருகே வைத்து, உலர்ந்த இன்னொரு பிரஷால் விளிம்பை நோக்கி இழுத்து, ஓரத்தில் திரளும் துளியைப் பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். இங்கேதான் ஸ்பிரேயைக் கெடுத்த அதே ஈரக் காற்று உதவிக்கு வந்தது. ஆடி மாதச் சாரலில் அக்ரிலிக் மெதுவாகக் காய்வதால், இரு நிறங்களை ஈரத்தோடு ஈரமாக இணைக்கக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும். வியர்க்கும், வேறு வழியில்லை.

கலந்த வண்ணம் காயாமலிருக்க, ஈரப் பஞ்சின்மேல் எண்ணெய்த்தாள் விரித்துச் செய்யும் வெட் பேலட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நம் ஊரில் அதை மூடி வைத்தால் நாலைந்து நாளில் நாற்றம் வரும். பஞ்சின் அடியில் ஒரு செப்புத் துண்டைப் போட்டு வைத்தும், நீரை அடிக்கடி மாற்றியும் சமாளிக்கிறேன். பிரஷைப் பொறுத்தவரை, இவ்வளவு பெரிய உருவத்துக்குச் செயற்கை இழை பிரஷ்களே தொண்ணூறு சதவீத வேலையை முடித்துவிடும். நுனி கொக்கிபோல் வளைந்துவிட்டவற்றையும் செதில் முனைகளில் உலர் தேய்ப்புக்கு, அதாவது வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகளை மட்டும் தேய்ப்பதற்கு, வைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸ் குடில்களுக்குச் சொரூபங்கள் தீட்டித் தரும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “மக்கா, இதுக்கு எனாமல் அடிச்சா போராதா? மழையிலே கெடந்தாலும் ஒண்ணும் ஆவாதே” என்று கேட்டார். மழையில் கிடக்கப்போகும் சொரூபத்துக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் எனாமலின் தடித்த படலம் அரை மில்லிமீட்டர்ச் செதில்களின் இடுக்கை மூடிவிடும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பகுதியைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, “அப்போ இதுக்கு ஆளு வேறதான்” என்று சிரித்தார்.

தளத்துக்கு வேண்டியவை எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைத்தன. காய்ந்த புல்லுக்குத் தேங்காய்த் தும்பு, பட்டுப்போன மரத்துக்கு ரப்பர்க் கம்பின் கணு, பாறைக்கு உடைந்த ஓட்டுச் சில்லு. கடல் மணலை அப்படியே ஒட்டினால், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வண்ணத்தைப் பொரிய வைக்கும். ஆற்று மணலே நல்லது. கருமணல் பார்க்க எரிமலைச் சாம்பல் போலவே இருந்தாலும் தொட வேண்டாம்; அதில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது, அதை அள்ளி வருவது முறையுமன்று.

இனி நெடுநாள் நிலவரம். பிரஷால் பூசிய அக்ரிலிக் வார்னிஷ், முதலில் பளபளப்பும் அதன்மேல் மங்கலுமாக இரண்டு அடுக்கு, இரண்டு மழையிலும் வெளுக்கவோ பிசுபிசுக்கவோ இல்லை. தூசு தட்டும்போது இறக்கை விளிம்புகளில் மட்டும் வண்ணம் பெயர்ந்தது. இப்போது மென்மையான ஒப்பனை பிரஷால் தட்டுகிறேன். சித்திரை வெயில் படும் சன்னலோரத்தில் இருந்தபோது இடது இறக்கையின் நுனி மெல்லத் தொங்கத் தொடங்கியது, ரெசினின் இயல்பு அது. இடத்தை மாற்றி, மறுபடியும் வெந்நீர் ஒற்றி நிமிர்த்தினேன், வண்ணம் பிளக்கவில்லை. இறக்கையைக் கழற்றி மாட்டுவதற்காக வைத்த காந்தங்களில் ஒன்று, மேல்பூச்சு உரிந்த இடத்தில் துருப்பிடித்துப் பழுப்பாகக் கசிந்தது. காந்தத்தை வைத்ததும் அதன் முகத்தில் வார்னிஷ் தடவிவிடுவது நல்லது. தளத்தின் தும்பில் கார்த்திகை மழையின்போது மெல்லிய பூஞ்சை கண்டது. வெயிலில் காயவைத்து, அதற்கும் வார்னிஷ் கொடுத்த பிறகு திரும்ப வரவில்லை.

பணம் கொடுத்து வாங்கத் தகுமா என்றால், சிறு உருவங்கள் சிலவற்றை முடித்துக் கை பழகியவருக்குத் தகும். ஆனால் உருவத்தின் விலையோடு கூரியர் கட்டணத்தையும் சுங்க வரியையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். முதல் பெரிய உருவமாக ரெசினைவிடப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வருவதைப் பரிந்துரைப்பேன். அது எடை குறைந்தது, அதற்கான சிமென்ட் இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால் கம்பி செருகும் வேலையும் பெரும்பாலும் மிச்சம். வாங்குவதானால் ஐப்பசிக்குள் வரவழைத்து, மழை முடிவதற்குள் கழுவுவதையும் பொருத்துவதையும் முடித்து வைத்துக்கொண்டால், தை பிறந்ததும் ஸ்பிரேயைக் கையில் எடுக்கலாம்.