54ஆம் தாள்: ஆர்டெரின் ஏறுகிறவர்களுக்கான வரைபடம்

அயர்லாந்தின் நடுப்பகுதியில், லீஷ், ஆஃபலி கவுண்டிகளின் எல்லையில் இருக்கிறது ஸ்லீவ் புளூம் மலைத்தொடர். அதன் உச்சி ஆர்டெரின் 527 மீட்டர்தான். ஆனாலும் இரண்டு கவுண்டிகளிலும் அதைவிட உயர்ந்த இடம் இல்லை. இங்கே நடக்க, அரசு நில அளவைத் துறையின் டிஸ்கவரி வரிசையில் 54ஆம் தாளை வாங்க வேண்டும். 1:50,000 அளவு, தாளில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ.

உயரத்துக்கும் திசைக்கும் இந்தத் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கிளென்டைன் கணவாயிலிருந்து உச்சிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர், ஏற்றம் நூறு மீட்டருக்குள். தாளைப் பார்த்தால் இருபது நிமிட வேலை என்று தோன்றும். தோன்றுவதை நம்பாதீர்கள்.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று. பீட் மண் (சதுப்பில் செடிகள் மக்கி உண்டான கரிய மண்) அரித்து உண்டான இரண்டு மீட்டர் பள்ளம் இரு கோடுகளுக்கு நடுவே மறைந்துபோகும். அப்படிப்பட்ட பள்ளங்களில் இறங்கி ஏறுவதில்தான் நேரம் போகிறது. சதுப்பில் மணிக்கு 2 முதல் 3 கி.மீ. என்று கணக்கு வையுங்கள்.

எங்கே கால் வைப்பது என்பதைச் செடிகளிடம்தான் கேட்க வேண்டும். பழுப்பு ஹெதர் புதர் அடர்ந்த இடம் ஓரளவு உறுதி. வெள்ளைப் பஞ்சுப்புல் ஆடினால் கணுக்கால் நனையும். பளிச்சென்ற பச்சையில் ஸ்பாக்னம் பாசி மெத்தைபோல் விரிந்திருந்தால் சுற்றிப் போங்கள், அடியில் தண்ணீர். தோல் பூட்ஸும் அதன்மேல் முழங்கால் வரை கட்டும் கெய்ட்டர் என்ற கால் உறையும் கட்டாயம்.

இன்னொரு குறை, காடுகள். தாளில் பச்சையாக இருக்கும் தோப்பை இதற்குள் வெட்டியிருக்கலாம். வெட்டிய சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டில் அடிக்கட்டை, கிளைக் குப்பை, வடிகால் சால் எல்லாம் கலந்து கிடக்கும், சதுப்பைவிட மோசம். குறுக்குவழி என்று நுழையாதீர்கள், காட்டுச் சாலையிலேயே சுற்றிப் போங்கள்.

ஹெதருக்குள் தரையிலேயே கூடு கட்டும் பூனைப்பருந்து இங்கே வாழ்கிறது. வசந்தத்திலும் கோடையிலும் பழகிய தடத்தை விட்டு விலகாமல் நடப்பது நல்லது.

சாதாரணத் தாளை விட்டுவிட்டு லேமினேட் செய்ததையே வாங்குங்கள். இந்த மழையில் காகிதம் மடிப்பில் கிழிந்து கூழாகிவிடும். லேமினேட் மடிக்கக் கொஞ்சம் விறைப்பு, சட்டைப்பைக்குள் அடங்காது. உச்சிப் பகுதி வெளியே தெரியும்படி மடித்துக் கழுத்தில் தொங்கவிட்டால் போதும். தாளின் கட்டங்களில் உச்சி இருக்கும் இடத்தைக் காட்டும் கட்ட எண் எஸ் 232 989. கிளம்பும் முன்பே அதைத் தாளில் வட்டமிட்டு வையுங்கள்.