டெங்கிஞ்சரா, ஜாய்ஸா, ஹோல்புரூக்கா: வேர்ல்டு சீரிஸை உலுக்கிய மூன்று தீர்ப்புகள்

வேர்ல்டு சீரிஸ் என்பது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ரசிகரிடம் அம்பயர் என்று வாயெடுத்தாலே 1985 அக்டோபர் 26-க்குப் போய்விடுவார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகருக்கு 2013 அக்டோபர் 26. தேதி ஒன்றுதான், நடுவில் 28 வருடம். இரண்டு ஆட்டத்திலும் கார்டினல்ஸ் உண்டு. முதல் தடவை அடி வாங்கினார்கள், இரண்டாம் தடவை ஆட்டத்தையே வாங்கினார்கள். வாஷிங்டன் நேஷனல்ஸ் ஆட்களைக் கேட்டால் 2019-ஐ இழுப்பார்கள்.

எது மோசமான தீர்ப்பு என்று மூன்றையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் ரசிகர் சண்டைகளின் வழக்கம். அது சரிப்படாது. முதலாவதில் அம்பயருக்குக் கண் தப்பியது. இரண்டாவதில் அம்பயர் சொன்னது சரி, ரசிகர்களுக்கு விதிதான் பிடிக்கவில்லை. மூன்றாவதில் விதியே கோணல்.

1985: வெறும் பிழை

கான்சாஸ் சிட்டியில் ஆறாவது ஆட்டம். தொடரில் கார்டினல்ஸ் 3-2 என்று முன்னிலை, ஆட்டத்தில் 1-0. 9-ஆவது, அதாவது கடைசி இன்னிங்ஸின் கீழ்ப்பாதி (சொந்த மைதான அணி பேட் பிடிக்கும் பாதி), இன்னும் மூன்று அவுட் எடுத்தால் கோப்பை. பேட்டர் பந்தை அடித்துவிட்டு மூன்று பேஸ்களைச் சுற்றி, கிளம்பிய ஹோம் பிளேட்டுக்கே திரும்பினால் ஒரு ரன். எதிரணி ராயல்ஸின் ஹோர்ஹே ஒர்ட்டா பந்தை மெதுவாக வலப்பக்கம் தட்டினார். முதல் பேஸ்மேன் ஜாக் கிளார்க் எடுத்து, பேஸுக்கு ஓடிவந்த பிட்ச்சர் (பந்து வீசுபவர்) டாட் வொரலிடம் போட்டார். பந்து கைக்கு வந்தபோது ஒர்ட்டாவின் கால் பேஸுக்கு வரவில்லை, அப்படியென்றால் அவுட். முதல் பேஸ் அம்பயர் டான் டெங்கிஞ்சர் 'சேஃப்', அதாவது அவுட் இல்லை என்றார். டி.வி. ரீப்ளேயை ஒரு தடவை பார்த்தவர்களுக்கே விஷயம் புரிந்துவிட்டது.

ஏன் தப்பியது என்பதைப் பார்க்க வேண்டும். முதல் பேஸ் அம்பயர்கள் கண்ணை பேஸிலும் காலிலும் வைத்து, பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் பிடிப்பார்கள். எது முந்தியது என்று அப்படித்தான் கணக்கு. வொரல் ஆறடி ஐந்து அங்குல உயரம், பந்தும் சற்று மேலே வந்தது, அதனால் காலையும் கையுறையையும் ஒரே பார்வையில் அடக்க முடியவில்லை. கிளார்க் போட்டது மெதுவான பந்து. அரங்கம் அலறிக்கொண்டிருந்ததில் அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. டெங்கிஞ்சரே பிற்பாடு கொடுத்த விளக்கம் இது. இன்னும் தள்ளி நின்றிருந்தால் கோணம் கிடைத்திருக்கும். பக்கத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்பது இந்த வேலையில் பொய்.

கார்டினல்ஸ் ரசிகர்கள் சொல்லாமல் தாண்டிப்போகும் இடம் இதற்கு அப்புறம் வருகிறது. அடுத்து வந்த ஸ்டீவ் பால்போனி டக்-அவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) ஓரம் ஒரு ஃபவுல் பந்தை, அதாவது கோட்டுக்கு வெளியே போகும் பந்தைத் தூக்கினார். பிடித்தால் அவுட். கிளார்க் தடுமாறி விட்டுவிட்டார். பிழைத்த பால்போனி சிங்கிள் (ஒரு பேஸ் கிடைக்கும் அடி) அடித்தார். ஜிம் சண்ட்பெர்க் பண்ட் போட (மட்டையை வீசாமல் மெல்லத் தட்ட), வொரல் மூன்றாம் பேஸுக்கு எறிந்து ஒர்ட்டாவை அவுட் ஆக்கினார். அதாவது, தவறாக சேஃப் ஆன ரன்னர் ரன் எடுக்கவே இல்லை. பிறகு கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்காருபவர்) டேரல் போர்ட்டர் பந்தை நழுவவிட்டதில் இரண்டு ரன்னர்களும் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னேறினார்கள். ஹால் மெக்ரேவுக்கு வேண்டுமென்றே வாக் (அடிக்காமலே முதல் பேஸ்) கொடுத்து பேஸ்களை நிரப்பினார்கள். டேன் அயோர்க் வலப்பக்கம் ஒரு சிங்கிள், இரண்டு ரன், ஆட்டம் முடிந்தது.

ஒர்ட்டா அவுட் என்று சொல்லியிருந்தால் கார்டினல்ஸ் ஜெயித்திருப்பார்களா? ஒரு அவுட், பேஸ்கள் காலி என்ற நிலையில் சண்ட்பெர்க் பண்ட் போட்டிருக்க மாட்டார், அடுத்தது எல்லாமே மாறியிருக்கும். வாய்ப்பு அதிகம் என்பதற்கு மேல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் 11-0 என்று நொறுங்கியதற்கும் ஏழு ஆட்டத்தில் மொத்தம் 13 ரன் எடுத்ததற்கும் டெங்கிஞ்சர் பொறுப்பல்ல. ஆனால் அவருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தது என்னவோ நிஜம்.

2013: சரியான தீர்ப்பு, நம்ப ஆளில்லை

இந்தக் கட்டத்தில் கிரிக்கெட் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஃபீல்டரைத் தடுத்த குற்றம் பேட்ஸ்மேன் மேல் வரும். பேஸ்பாலில் 'அப்ஸ்ட்ரக்‌ஷன்' என்பது ஃபீல்டர் ரன்னரை மறிக்கும் குற்றம். ரன்னரோ பேட்டரோ ஃபீல்டரைத் தடுத்தால் அது 'இன்டர்ஃபியரன்ஸ்'.

செயின்ட் லூயிஸ் புஷ் ஸ்டேடியத்தில் மூன்றாவது ஆட்டம். தொடர் 1-1, ஸ்கோர் 4-4, 9-ஆவது இன்னிங்ஸ் கீழ்ப்பாதி, ஒரு அவுட். மூன்றாம் பேஸில் யாடியர் மொலினா, இரண்டாம் பேஸில் ஆலன் கிரெய்க். கிரெய்க் கால் காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பி வந்தவர், ஓட்டம் சுமார். ஜான் ஜே அடித்த பந்தை ரெட் சாக்ஸின் டஸ்டின் பெட்ரோயா பாய்ந்து பிடித்து ஹோமுக்கு எறிய, கேட்ச்சர் ஜாரட் சால்டலமாக்கியா மொலினாவை டேக் செய்தார் (பந்தோடு தொட்டு அவுட் ஆக்கினார்). இரண்டு அவுட். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி கிடையாது. அவர் கிரெய்க்கையும் பிடிக்கலாம் என்று மூன்றாம் பேஸுக்கு எறிந்தார். பந்து தவறி இடப்பக்க ஃபவுல் பகுதிக்கு ஓடியது. அதைப் பிடிக்கப் பாய்ந்த மூன்றாம் பேஸ்மேன் வில் மிடில்புரூக்ஸ் பேஸுக்குப் பக்கத்திலேயே குப்புறக் கிடந்தார். சறுக்கி வந்த கிரெய்க் எழுந்து ஹோமுக்குக் கிளம்பியபோது அவர் மேல் தடுக்கி விழுந்தார். மறுபடி எழுந்து நொண்டிக்கொண்டு ஓடினார். இடப்பக்க ஃபீல்டர் டேனியல் நாவா ஓடிப்போய் பந்தை எடுத்து ஹோமுக்கு எறிந்தார். சால்டலமாக்கியா டேக் செய்தார், பிளேட்டைத் தொடுவதற்கு முன்பே. ஹோம் அம்பயர் டானா டெமூத் சேஃப் என்று கையை விரித்துவிட்டு மூன்றாம் பேஸ் பக்கம் காட்டினார். அங்கே ஜிம் ஜாய்ஸ் ஏற்கெனவே அப்ஸ்ட்ரக்‌ஷன் என்று அறிவித்திருந்தார். 5-4.

பாஸ்டன் தரப்பு வாதங்கள் மூன்று. மூன்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

முதலாவது, 'வேண்டுமென்றே செய்யவில்லை, விழுந்து கிடந்தவன் எங்கே போவான்?' விதி நோக்கத்தைக் கேட்கவே இல்லை. பந்தைப் பிடிக்கும் செயலில் இருக்கும்வரை ஃபீல்டருக்கு அந்த இடம் சொந்தம். பந்து தாண்டிப்போன நொடியில் அந்த உரிமை போய்விடுகிறது. விதிப்புத்தகத்தின் விளக்கக் குறிப்பில் கொடுத்திருக்கும் உதாரணமே இதுதான்: பாய்ந்த ஃபீல்டரைப் பந்து தாண்டிய பிறகும் அவர் தரையிலேயே கிடந்து ரன்னரைத் தாமதப்படுத்தினால் அது பெரும்பாலும் அப்ஸ்ட்ரக்‌ஷன். மிடில்புரூக்ஸ் காலைத் தூக்கினாரே, அது வேண்டுமென்றா இல்லையா என்று மணிக்கணக்கில் சண்டை போட்டவர்கள் தீர்ப்புக்குத் தேவையே இல்லாத கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, 'கிரெய்க் கோட்டோடு ஓடியிருக்கலாமே, உள்ளே வந்து ஏன் அவர் மேல் ஏறினார்?' மூன்றடி எல்லை என்பது டேக்கிலிருந்து நழுவும் ரன்னருக்கு மட்டும். மற்ற நேரத்தில் ரன்னர் தன் பாதையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்வார். நிற்கும் இடத்திலிருந்து அடுத்த பேஸுக்கு நேர்கோடு எதுவோ அதுதான் அவர் பாதை. சுண்ணாம்புக் கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாவதுதான் கொஞ்சம் கனமானது: 'மறித்தார் சரி, அதற்காக ரன்னையே கொடுப்பதா?' அப்ஸ்ட்ரக்‌ஷனில் இரண்டு வகை. மறிக்கப்பட்ட ரன்னரை அவுட் ஆக்க அந்தக் கணமே முயற்சி நடந்தால், ஆட்டம் உடனே நிற்கும், அவருக்குக் குறைந்தது ஒரு பேஸ் நிச்சயம். முயற்சி நடக்காவிட்டால் ஆட்டம் ஓடி முடியும்வரை காத்திருந்து, மறித்ததால் வந்த நஷ்டத்தை மட்டும் அம்பயர் ஈடுகட்டுவார். பந்து தாண்டிப்போய்விட்டதால் இது இரண்டாம் வகை. எனவே ஜாய்ஸ் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே: தடுக்கி விழாவிட்டால் கிரெய்க் ஹோமுக்கு வந்து சேர்ந்திருப்பாரா? டேக் நூலிழையில் விழுந்தது. தடுக்கியதில் போனது அதைவிட அதிக நேரம். ஆகவே சேஃப். நாவாவின் எறி பந்து இருபது அடி முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தால் அதே மறிப்புக்கு கிரெய்க் அவுட் ஆகியிருப்பார். பாஸ்டன் ரசிகர்கள் உண்மையில் வாதாட வேண்டிய இடம் இந்தக் கணக்குதான். அதைத் தொட்டவர்கள் குறைவு.

ஜாய்ஸ் மேல் நம்பிக்கை இல்லாததற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டின் பிட்ச்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக வீழ்த்தி, 27-ஆவது ஆளையும் முதல் பேஸில் அவுட் ஆக்கியிருந்தார். ஜாய்ஸ் அதை சேஃப் என்று சொல்லி ஒரு பெர்ஃபெக்ட் கேமை (எதிரணியில் ஒருவரும் பேஸுக்கே வராத ஆட்டத்தை) கெடுத்தார். அது அப்படியே டெங்கிஞ்சர் வகைப் பிழை. ஆனால் முதல் பேஸில் கண் தப்பியதை வைத்து மூன்றாம் பேஸில் விதியைச் சரியாகப் படித்த ஆளை எடைபோடக் கூடாது.

இங்கேயும் அம்பயருக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் உண்டு. 9-ஆவது இன்னிங்ஸ் மேல்பாதியில் ரெட் சாக்ஸ் மேலாளர் ஜான் ஃபாரல், நல்ல பேட்டரான மைக் நாப்போலி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பிட்ச்சர் பிராண்டன் வொர்க்மேனை பேட் பிடிக்க அனுப்பினார். தேவையில்லாமல் மூன்றாம் பேஸுக்கு எறிவதும் புதிதல்ல, முந்தைய ஆட்டத்திலேயே ரெட் சாக்ஸ் பிட்ச்சர் கிரெய்க் பிரெஸ்லோ அங்கே எறிந்து கோட்டைவிட்டிருந்தார். ஆனாலும் ரெட் சாக்ஸ் அடுத்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து தொடரை 4-2 என்று முடித்ததால், பாஸ்டனில் இந்தக் காயம் சீக்கிரம் ஆறிவிட்டது. 1985-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

2019-ம் 1969-ம்: ஒரே விதி, எதிரெதிர் தீர்ப்பு

2019 அக்டோபர் 29, ஹூஸ்டன், ஆறாவது ஆட்டம். 7-ஆவது இன்னிங்ஸ், நேஷனல்ஸ் 3-2 முன்னிலை, முதல் பேஸில் யான் கோம்ஸ். ட்ரே டர்னர் தட்டிய பந்தை பிட்ச்சர் பிராட் பீகாக் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். யூலி குரியேல் கையை நீட்ட, ஓடிவந்த டர்னர் மேல் கையுறை மோதி பந்து சிதறியது. இரண்டாம், மூன்றாம் பேஸில் ஆள் நிற்க வேண்டிய இடத்தில், ஹோம் அம்பயர் சாம் ஹோல்புரூக் இன்டர்ஃபியரன்ஸ் என்றார். டர்னர் அவுட், கோம்ஸ் மறுபடி முதல் பேஸுக்கு. நாலு நிமிடத்துக்கு மேல் நியூயார்க்கில் இருக்கும் ரீப்ளே மையத்தோடு போன் பேசினார்கள். அம்பயரின் தீர்மானத்துக்கு விட்ட விஷயம் என்பதால் தீர்ப்பு மாறவில்லை.

விதி சொல்வது: ஹோமிலிருந்து முதல் பேஸ் 90 அடி. கடைசி 45 அடியில், ஃபவுல் கோட்டுக்கு வெளியே மூன்றடி அகலத்தில் போட்ட தடத்துக்குள் ஓட வேண்டும். வெளியே ஓடி, பந்தை வாங்குபவருக்கு இடைஞ்சல் செய்தால் அவுட். கோணல் எங்கே என்றால், முதல் பேஸ் பலகை முழுக்க கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. தடத்திலேயே ஓடினாலும் கடைசியில் உள்ளே கால் வைத்தே ஆக வேண்டும். அந்தக் கடைசி எட்டுக்கு மட்டும் விதி விலக்கு தருகிறது. டர்னர் மாதிரி வலக்கை பேட்டர் பிளேட்டின் மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து கிளம்புகிறார். அவருக்கு நேர்வழியே கோட்டுக்கு உள்ளேதான். வேகமாக ஓடு என்பதும் வளைந்து ஓடு என்பதும் ஒன்றோடொன்று ஒட்டாது. எழுத்துப்படி பார்த்தால் ஹோல்புரூக்கைக் குறைசொல்ல வழியில்லை. டர்னர் தடத்துக்குள் வரவே இல்லை.

அப்படியானால் 1969? அந்த வருட வேர்ல்டு சீரிஸில் மெட்ஸ், ஓரியோல்ஸ், நாலாவது ஆட்டம், 10-ஆவது இன்னிங்ஸ், 1-1. மெட்ஸின் ஜே.சி. மார்ட்டின் பண்ட் போட்டு ஓட, ஓரியோல்ஸ் பிட்ச்சர் பீட் ரிச்சர்ட் எறிந்த பந்து அவர் மணிக்கட்டில் பட்டுத் தெறித்தது. இரண்டாம் பேஸிலிருந்து ராட் காஸ்பர் ஓடிவந்து ஜெயிக்கும் ரன் எடுத்தார். மார்ட்டின் கோட்டுக்கு உள்ளே ஓடியதை ஆட்டத்துக்குப் பிறகு புகைப்படங்கள் காட்டிக்கொடுத்தன. களத்தில் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. சண்டைக்கு முதல் ஆளாக வரும் ஓரியோல்ஸ் மேலாளர் ஏர்ல் வீவரை அம்பயர் ஷாக் க்ராஃபர்ட் மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியேற்றியிருந்தார். மார்ட்டினுக்குச் சலுகை, டர்னருக்குத் தண்டனை. இரண்டில் விதிப்படி பிழை 1969-தான். ஆனால் திட்டு வாங்கியது 2019. அடுத்த சில நிமிடங்களில் ஆன்டனி ரெண்டன் இரண்டு ரன் ஹோமர் (எல்லையைத் தாண்டும் அடி) அடித்து, நேஷனல்ஸ் 7-2 என்று ஜெயிக்காமல் இருந்திருந்தால் ஹோல்புரூக் பெயரும் டெங்கிஞ்சர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

எதற்கு எது மருந்து

2014-ல் தீர்ப்பை வீடியோ பார்த்து மாற்றும் விரிவான ரீப்ளே வந்தது. 1985 போன்ற தீர்ப்பு இன்று ஓரிரு நிமிடத்தில் மாறிவிடும், மேலாளர் கையைத் தூக்கினால் போதும். டெங்கிஞ்சர் வகைப் பிழைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

டர்னர் விவகாரத்துக்கு ரீப்ளே உதவாது என்பது அந்தப் போன் பேச்சிலேயே தெரிந்தது. அங்கே மாற வேண்டியது புத்தகம், அது மாறவும் செய்தது. 2024 முதல் ஃபவுல் கோட்டுக்கும் உள்புல்லுக்கும் நடுவில் இருக்கும் மண்பகுதியும் ஓடுதடத்தில் சேர்ந்தது. மைதானத்துக்கு ஏற்ப 18 முதல் 24 அங்குலம் கூடுதல் அகலம். புல்லில் கால் வைத்தால்தான் இப்போது வம்பு.

2013-க்கு? விதியின் எண் மாறியிருக்கிறது, முன்பு 7.06, இப்போது 6.01(h). நோக்கம் தேவையில்லை என்ற அடிப்படையில் கை வைக்கவில்லை. பேஸை மறித்து நிற்கும் ஃபீல்டர்கள் மேல் அப்ஸ்ட்ரக்‌ஷன் விதியை இன்னும் கறாராக அமல்படுத்துங்கள் என்றுதான் 2024-ல் அம்பயர்களுக்கு உத்தரவு போனது.