என்140-ஆ, என்540-ஆ: பேரலின் த்ரோட்டை எது தின்கிறது?

.308 ரைஃபிளுக்குப் புதுப் பேரல் போட்டதும், தோட்டாவில் நிரப்பும் பவுடர் எது என்ற கேள்வி வந்தது. ஃபின்லாந்து விஹ்டாவுரி கம்பெனியின் என்140, என்540 (N140, N540) இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எரிபவை. முதலாவது நைட்ரோசெல்லுலோஸை மட்டுமே நம்பியது. இரண்டாவதில் நைட்ரோகிளிசரினும் ஊட்டியிருக்கிறார்கள். 500 வரிசையில் அது 25 சதவீதம் வரை இருக்கலாம். நான் எடுத்தது என்140.

விலை, அளந்து போடும் வசதி எதிலும் பேசுமளவு வித்தியாசமில்லை. குண்டின் வேகத்தில் என்540-க்குத்தான் ஜெயம். 1,000 கஜத்தில் காற்றோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு அது தேவைதான். 300 மீட்டரில் காகிதம் துளைக்கிற எனக்கு எதற்கு?

எனக்குப் பெரிதாகப் பட்டது த்ரோட். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் ரைஃபிளிங் வரி தொடங்கும் அந்தச் சின்ன இடத்தில்தான் வாயுவின் முழுச் சூடும் விழுகிறது. நைட்ரோசெல்லுலோஸ் எரியும்போது ஆக்ஸிஜன் பற்றாது. நைட்ரோகிளிசரினில் அது மிச்சம். இரண்டும் சேர்ந்தால் எரிதல் முழுமையாகிறது, சூடும் ஏறுகிறது. ஸ்டீல் உருகுவதே 1,500 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். பவுடர் வாயு எதுவானாலும் அதற்கு வெகு மேலே. உலோகத்தின் மேல்தோல் மில்லிசெகண்டுகளில் காய்ந்து குளிர்ந்து, கடினமாகி, விரிசல் விடுகிறது. கிளப் நண்பர் ஒருவர் கழற்றிய பேரலை, உள்ளே பார்க்கும் கருவியான போர்ஸ்கோப்பில் பார்த்தேன்: வற்றிய ஏரித் தரை மாதிரி கட்டம் கட்டமாக விரிசல், வரிகளின் முனை மழுங்கிப்போய். அவர் போட்டது டபுள் பேஸ் பவுடர், அதாவது என்540 மாதிரி நைட்ரோகிளிசரினும் சேர்ந்தது. ஆனால் மனிதர் ஆற விடாமல் சுடுகிறவர், அதனால் பழி முழுவதையும் பவுடர் மேல் போட மாட்டேன்.

சரித்திரமும் என் பக்கம்தான். 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டு கரிமருந்துக் காலத்து ரைஃபிள். அதன் ஆழமில்லாத வரிகள் கார்டைட்டின் (நைட்ரோகிளிசரின் கலந்த அக்காலப் பிரிட்டிஷ் பவுடர்) சூட்டுக்குத் தாங்கவில்லை. 1895-இல் ஆழமான எண்ஃபீல்டு வரிகள் வந்தன. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். பின்னால் வந்த எம்.டி. வகையில் அதை 30-க்கு இறக்கினார்கள். பேரல் தேய்மானம்தான் காரணம். (நீலகிரியில் அருவங்காட்டு ஆலைக்குப் பெயரே கார்டைட் ஃபேக்டரிதான்.)

என்540-க்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். பவுடர் மணிகளின் மேற்பரப்பில் தேய்மானத்தைக் குறைக்கும் பூச்சு இருப்பதால் பேரல் கூடுதலாகத் தேயாது என்பது கம்பெனியின் வாதம். இருக்கலாம். ஒரே மாதிரி இரண்டு பேரலை வைத்து நான் சுட்டுப் பார்த்ததில்லை. ஒன்று மட்டும்: கிடைக்கிற கூடுதல் வேகத்தை விட்டுக்கொடுத்து, பழைய வேகத்துக்கே பவுடரைக் குறைத்துப் போட்டால் இரண்டுக்கும் இடைவெளி சுருங்கும். அப்படிப் போடுவதற்கு என்540 வாங்குபவர் யார்?

பால் (ball, உருண்டை மணி) பவுடர்கள் பற்றிக் கேட்காதீர்கள், எனக்கு அதில் பழக்கம் குறைவு.

எதைப் போட்டாலும், குண்டு வரியைத் தொடும் நீளத்தைப் பேரல் புதிதாக இருக்கும்போதே காலிப்பரில் அளந்து எழுதி வையுங்கள், அடுத்தடுத்த முறையும் அதே குண்டை வைத்தே அளங்கள். த்ரோட் எவ்வளவு முன்னே ஓடியிருக்கிறது என்று அந்த எண் காட்டிவிடும்.