காலேஜா, கரண்ட் வேலையா? அமெரிக்காவுல உழைச்சு முன்னேற எந்த வழி

அமெரிக்காவுல 1940ல பொறந்தவங்கள்ல சுமார் 90 சதவீதம் பேர் வளர்ந்தப்புறம் அப்பா அம்மாவ விட அதிகமா சம்பாதிச்சாங்க, 1980ல பொறந்தவங்கள்ல அது 50 தான். உழைச்சா மேல வரலாம்னு அந்த நாடு சொல்ற வாக்கு பாதியா தேஞ்சு போச்சு. அப்போ வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஹைஸ்கூல் முடிச்சதும் எங்க போறது? நாலு வருஷ காலேஜா, வேலை பாத்துக்கிட்டே தொழில் கத்துக்கற எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸா?

சம்பளம் மட்டும் பாத்தா காலேஜ் தான். 2023 கணக்குப்படி டிகிரி முடிச்சவங்களோட நடுத்தர சம்பளம் வாரத்துக்கு 1,493 டாலர், அதாவது வருஷத்துக்கு 77,000க்கு மேல, எலக்ட்ரீஷியனுக்கு 61,590. ஆனா இது டிகிரிய முடிச்சவங்க கணக்கு, இத யாரும் பிள்ளைங்ககிட்ட எடுத்துச் சொல்றதில்லைங்கறது தான் எனக்கு வருத்தம். சேர்ந்த காலேஜ்லயே 6 வருஷத்துல கூட முடிக்காம போறவங்க ஏறக்குறைய மூணுல ஒருத்தர், அவங்களுக்கு டிகிரியும் இல்ல, வாங்குன லோனும் விடாது, திவால் ஆனாக்கூட ஸ்டூடண்ட் லோன தள்ளுபடி பண்ண வைக்கிறது ரொம்ப கஷ்டம்.

யூனியன், அதாவது எலக்ட்ரீஷியன் தொழிலாளர் சங்கம், மூலமா அப்ரண்டிஸா சேர்ந்தா 5 வருஷம், சைட்ல 8,000 மணி நேர வேலை, கூடவே கிளாஸ். முதல் நாள்லேர்ந்தே சம்பளம், முழுத் தொழிலாளி வாங்குறதுல ஏறக்குறைய பாதியில ஆரம்பிச்சு படிப்படியா ஏறும், மத்திய அரசு வெச்ச குறைந்தபட்சக் கூலி 2009லேர்ந்து மணிக்கு 7.25 டாலர்லயே நிக்கிற நாட்டுல இது சின்ன விஷயம் இல்ல. முடிச்சப்புறம் யூனியன் வேலையில மெடிக்கல் இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாம் உண்டு.

கஷ்டமும் இருக்கு. ஏணி, குளிர், வெயில்னு 50 வயசுக்கு மேல முட்டியும் தோளும் கேள்வி கேக்கும், கட்டுமானம் படுத்தா வேலையில்லாம காத்திருக்கணும். இன்னொண்ணு, இந்த யூனியன்கள் பல காலமா கறுப்பினத்தவங்கள பெரும்பாலும் உள்ள விடல, 1969ல அதிபர் நிக்சன் அரசு ஃபிலடெல்ஃபியா பிளான்னு ஒரு திட்டம் கொண்டு வந்து, கறுப்பினத்தவங்களயும் வேலைக்கு எடுக்கச் சொல்லி அரசு கான்ட்ராக்ட் எடுக்குறவங்கள நெருக்கின அப்புறம் தான் கதவு கொஞ்சம் தொறந்துச்சு, பெண்கள் இன்னைக்கும் ரொம்ப கம்மி.

டாக்டர், இன்ஜினியர்னு டிகிரி இல்லாம முடியாத ஆசை இருந்தா காலேஜ் போகட்டும். என்ன படிக்கிறதுன்னே தெரியாம கடன் வாங்கிச் சேரப்போற பிள்ளைக்கு நான் அப்ரண்டிஸ தான் சொல்லுவேன். அதுக்கும் ஆல்ஜீப்ரா பாஸ் பண்ணிருக்கணும், டெஸ்ட், இன்டர்வியூ உண்டு, சில ஊர்ல குறிப்பிட்ட மாசத்துல மட்டும் தான் அப்ளிகேஷன் வாங்குவாங்க, அதனால ஸ்கூல் முடியுற வருஷமே விசாரிச்சு வைக்கணும்.