எஃப்7 மூக்கா, ஜிபி7 ஹூடா?

பாரம்பரிய ரயில் ஓட்ட எந்தப் பழைய அமெரிக்க டீசல் லோகோமோட்டிவை மீட்பது, எஃப்7-ஐயா, ஜிபி7-ஐயா? இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸின் லோகோமோட்டிவ் பிரிவான இஎம்டி 1949-ல் கொண்டுவந்தவை. இரண்டிலும் 1,500 குதிரைத்திறன் தரும் 567பி இன்ஜின்தான். வேறுபாடு கேபினிலும் உடற்கூட்டிலும்.

தோற்றம்: எஃப்7-ன் 'புல்டாக்' மூக்குக்கு இணையே இல்லை. ஜிபி7 வெறும் பெட்டி.

பின்பார்வை: எஃப்7-ல் ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாலும் அகன்ற உடல் மறைக்கும், பெட்டி கோக்கும் ஷண்டிங் வேலை திண்டாட்டம். ஜிபி7-ல் ஹூட் (இயந்திரங்களை மூடும் கூடு) குறுகல், இருபுறமும் நடைபாதை, முனைகளில் படி. ஆனால் உயரமான முன்ஹூட் முன்பார்வையைக் கெடுக்கும். பல நிறுவனங்கள் பிற்பாடு அதை வெட்டித் தாழ்த்தியது அதனால்தான்.

பழுது: ஜிபி7-ல் பக்கக் கதவைத் திறந்தால் இன்ஜின் கைக்கெட்டும். எஃப்7-ல் உள்ளே நெருக்கியடித்து நிற்க வேண்டும். பெரிய பாகத்தைத் தூக்கக் கூரையைக் கழற்ற வேண்டும். அதன் பக்கச் சட்டமே பாரம் தாங்குவது, ஆகவே தகட்டைப் பிரித்துத் துருவைப் பாருங்கள். நசுங்கிய மூக்கைச் சீராக்குவதோ பல வளைதகடுகளைப் பற்றவைத்துத் தேய்க்கும் கைவேலை.

ஆட்கள் குறைவு, ஷண்டிங் அதிகம் என்றால் ஜிபி7. கொட்டகையும் நல்ல வெல்டரும் இருந்து, பயணிகள் ரயிலுக்கு முகம் வேண்டுமென்றால் எஃப்7. அந்த உழைப்புக்கு அது தகும்.