ஐ.எச்.டி.எஸ். தரவு: நாலு வருடம் பயன்படுத்திய அனுபவம்

கூட்டுக்குடும்பம் பிரிந்தால் மருமகள்கள் வேலைக்குப் போவது கூடுமா, குறையுமா? இதுதான் என் முனைவர் பட்டக் கேள்வி. இதற்கு நாலு வருடமாக நான் நம்பியிருப்பது ஐ.எச்.டி.எஸ். எனப்படும் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் தரவை.

டெல்லியின் என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. 2004-05இல் 41,554 குடும்பங்களைப் பேட்டி எடுத்தார்கள். 2011-12இல் மறுபடி அதே வாசல்களுக்குப் போனார்கள். சுமார் 83 சதவீதக் குடும்பங்கள் கிடைத்தன. தரவு இலவசம்.

அதே வாசல் என்பதுதான் இதன் மதிப்பே. அரசு மதிப்பீட்டின்படி வறுமை 2004-05இல் 37.2 சதவீதம், 2011-12இல் 21.9. இந்த எண்களுக்கு அடிப்படையான தேசிய மாதிரி ஆய்வு, சுற்றுக்குச் சுற்று வேறு குடும்பங்களை எடுக்கிறது. மேலே வந்தவர் யார், சறுக்கியவர் யார் என்று அதில் தெரியாது. இதில் தெரியும்.

ஒரே அடுப்பில் சாப்பிட்டால்தான் இங்கே ஒரு குடும்பம். இடையில் தம்பி தனிக்குடித்தனம் போயிருந்தால், அதே ஊரில் இருக்கும்வரை அவர் வீட்டையும் தனியாகப் பேட்டி எடுத்து, பிரிவு எண் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள். இப்படி யோசித்தவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு முறை போவானேன், ஒரே முறை போய்ப் பழையதையும் கேட்டால் போதாதா என்று நானும் நினைத்தேன். உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அக்கா, "கல்யாணமான நாள்லருந்து வேலைக்குத்தான் போறேன்" என்றார். பக்கத்திலிருந்த ஓரகத்தி, "சின்னவன் பொறந்து ரெண்டு வருசம் எங்க போன?" என்றதும் யோசித்துத் திருத்தினார். ஓரகத்தி இல்லாத வீட்டில் யார் திருத்துவார்கள்?

புதிதாக எடுப்பவர்களுக்கு: இரண்டு சுற்றையும் இணைக்கும்போது மாநிலம், மாவட்டம், கிராமம், குடும்பம், பிரிவு என்று ஐந்து எண்களையும் பாருங்கள். பிரிவு எண்ணை விட்டால் அண்ணன் வீட்டுக் கணக்கு தம்பி வீட்டில் ஏறிவிடும். எனக்கு இரண்டு வாரம் அதில் போனது.

குறையும் உண்டு. குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்பியவர்களை இது பின்தொடர்வதில்லை. இடப்பெயர்வு பற்றி எழுதுபவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். மாவட்ட அளவில் முடிவு சொல்லவும் இதில் உள்ள மாதிரிக் குடும்பங்களின் எண்ணிக்கை போதாது. வீட்டுக்குள் நடக்கும் மாற்றத்தைப் படிப்பவர்கள் தயங்காமல் எடுங்கள். தரவைத் திறக்கும் முன் இரண்டு சுற்றின் வினாத்தாளையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.