முருகன்குறிச்சி மாடிக்கடை: அழுதுட்டுப் போன அம்மா தெளிஞ்சு வந்தா

"மார்ட்டினெல்லினு ஒரு வீடியோ வரும், திறந்தா போன் காலி"னு மாமா அனுப்பின வாட்ஸ்அப் செய்தியப் பார்த்துட்டு, போன்ல உள்ளது எல்லாத்தையும் அழிச்சிரணும்னு அம்மா ஒரே அழுகை. பாளையில முருகன்குறிச்சி பக்கம் இருக்க இந்த சர்வீஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அண்ணாச்சி எதையும் அழிக்கல. "இது 2017லயே சுத்துன புரளிம்மா, அப்படியொரு வீடியோவே கிடையாது"ன்னாரு. 2002ல, கரடி பொம்மைப் படம் போட்ட ஒரு ஃபைல வைரஸ்னு சொன்ன மெயில நம்பி, விண்டோஸோட சொந்த ஃபைலயே ஆளுக்காளு அழிச்ச கதையையும் சொன்னாரு. அந்த ஃபைல் பேர் ஜேடிபிஜிஎம்ஜிஆராம். "எல்லாருக்கும் அனுப்பு"ன்னு இருந்தாலே நின்னு யோசிக்கணும்னாரு. அரைமணி நேரம் பேசிட்டு, "வேலையே பாக்கலயே, எதுக்கும்மா காசு?"

படி ரொம்பச் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவங்க கீழ நின்னு கூப்பிடுங்க, இறங்கி வாராரு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவுக்குப் போன் போட்டா: "யார் யாருக்கு அனுப்புனியோ, அவ்வளவு பேருக்கும் பொய்னு சொல்லிரு தம்பி."